பன்னிரண்டு எட்டுத் தள்ளி ஒரு விளக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பொழுது சாய்வதை அல்லா பிச்சை ராவுத்தர் தம் வீட்டு வாசலில் இருந்து பார்த்த நாள்கள் மிகக் குறைவு. ஊருக்குத் தெருவிளக்கு வந்தது முதலாக, மற்றவர்கள் வீடு திரும்பும் வேளையில் அவர் தோளில் ஏணியும் கையில் சீமையெண்ணெய் டின்னுமாகக் கிளம்பிவிடுவார். கீழச்சந்தைக் கிணற்றடியில் தொடங்கித் தேரடியில் முடியும் முப்பத்திரண்டு கம்பங்கள் அவர் பொறுப்பு. ஒவ்வொன்றிலும் ஏணியைச் சாய்த்து, ஏறி, கண்ணாடிக் கூண்டைத் திறந்து, திரியைத் தூண்டிப் பற்றவைத்து, இறங்கி, ஏணியை மறுபடி தோளில் ஏற்ற வேண்டும். நாற்பத்தாறு வயதில் முழங்கால்கள் ஏறும்போது ஒரு சத்தமும் இறங்கும்போது வேறொரு சத்தமும் போடத் தொடங்கியிருந்தன.

விளக்கெல்லாம் காண்டிராக்டர் ஒருவருடைய பொறுப்பில் இருந்தன. அவரை அல்லா பிச்சை இரண்டே முறை பார்த்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிந்த அதிகாரம் மேஸ்திரி வைகுண்டராஜ்தான். சாத்தூர் ரயிலடியிலிருந்து மாட்டுவண்டியில் வரும் எண்ணெயை அளந்து கொடுப்பவர் அவர். இரவு பத்து மணிவரை எரிவதற்கான எண்ணெய்தான் கிடைக்கும். அது தீர்ந்ததும் விளக்கு தானே அணையும். வளர்பிறையில் நிலா நன்றாக ஏறிய பிறகு, பௌர்ணமி கழிந்து இரண்டு மூன்று நாள்வரை, விளக்கே ஏற்றுவதில்லை. வானம் மூடிக் கிடந்தாலும் பஞ்சாங்கத்தில் நிலா இருந்தால் போதும் என்பது ஒப்பந்தம். அந்த எட்டு ஒன்பது நாள் மட்டும் அவர் அந்திநேர மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசலில் வரிசையில் நிற்பார். மற்ற நாள்களில் தேரடி விளக்கை ஏற்றிவிட்டு, எண்ணெய் நாறும் கையைக் கழுவிக்கொண்டு, பிந்தித் தனியாகத் தொழுவார்.

காலையில் வேலை வேறு விதம். கண்ணாடியின் புகையைச் சாம்பலால் துடைக்க வேண்டும். கூண்டுக்குள் செத்துக் கிடக்கும் பூச்சிகளைத் தட்ட வேண்டும். பதினெட்டு அங்குலக் கூண்டுக்குள் ஓர் இரவில் எத்தனை வகை உயிர் வந்து சாகும் என்பது அவருக்கு அத்துப்படி. செண்பகத்தோப்புப் பக்கம் மழை பெய்த மறுநாள், மலையடிவாரத்தில் மட்டுமே இருக்கும் பச்சை வண்டுகள்கூட ஊருக்குள் வந்து கிடக்கும்.

கிணற்றடிக் கம்பம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்தது. கீழச்சந்தைப் பெண்கள் கேட்டு வாங்கிய விளக்கு அது. பகலெல்லாம் சந்தைக்கு வரும் வண்டிமாடுகளுக்கு அந்தக் கிணற்றை இறைத்துவிடுவார்கள். வண்டிகள் போன பிறகு ஊறுகிற தண்ணீர்தான் தெருவுக்கு. ஆகவே அவரவர் கயிறும் தோண்டியும் எடுத்துக்கொண்டு பெண்கள் வருவது விளக்கு வைக்கிற நேரத்தில்தான். வெளிச்சம் வந்ததும் மகிழ்ந்து, கம்பத்துக்கு மஞ்சள்கூடத் தடவினார்கள்.

அடுத்த புரட்டாசியில் அல்லா பிச்சை ஒன்றைக் கவனித்தார். கம்பத்தின் அடியில், காலை நேரத்தில், சுண்டுவிரல் பருமனில் கறுப்புக் கறுப்பாக எச்சங்கள் கிடந்தன. உடைத்துப் பார்த்தால் உள்ளே வண்டின் ஓடுகள் மின்னின. தேரையின் எச்சம். தெருவில் தேரை புதிதல்ல. ஆனால் இத்தனை தேரைகளா? மாலையில் நின்று பார்த்தார். சந்தைக் கழிவுநீர் ஓடும் சாக்கடை வழியாகக் கண்மாய்ப் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வெளிச்சம் விழுகிற வட்டத்துக்குள் உட்கார்ந்தன. மேலேயிருந்து விழுகிற பூச்சியை நாக்கை நீட்டி வாங்கிக்கொள்வதோடு சரி. வேறு அலைச்சல் இல்லை. மற்ற ஊர்த் தேரைகள் கோடையில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். இவற்றுக்குச் சாக்கடை ஈரம் ஆண்டு முழுவதும் இருந்தது. பந்தியும் ஆண்டு முழுவதும் நடந்தது. ஒரு மாலை நாற்பத்தேழு வரை எண்ணிவிட்டு அலுத்துப் போய் நிறுத்தினார்.

பந்தி நடக்கிற இடம் பாம்புக்கும் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு நல்ல பாம்பு, பிறகு இன்னொன்று. நல்ல பாம்பை அந்தத் தெருவில் அடிக்கமாட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகிப் போவார்கள். இரண்டு ஆண்டில் மூன்று பேருக்குக் கடி. இரண்டு பேர் பிழைத்தார்கள். மூன்றாவது ஆளான வண்டிக்காரர் கருத்தப்பாண்டி, சக்கரத்துக்குத் தண்ணீர் விட வாளியோடு வந்தவர், கிணற்றடியிலேயே சரிந்தார். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

இருட்டுதான் காரணம் என்று தெரு தீர்மானித்தது. கிணற்றைச் சுற்றி இன்னும் இரண்டு விளக்கு வேண்டுமென்று மனு எழுதினார்கள். எழுதிக் கொடுத்தவரே வைகுண்டராஜ்தான். காண்டிராக்டருக்கு அதில் நஷ்டமில்லை.

அல்லா பிச்சைக்கு மட்டும் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. மூன்று கடியும் விளக்கு எரிந்த நாளில். மூன்றும் ஒரே வட்டத்துக்குள். நிலா நாளில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கிணற்றுக்குத்தான் அவருடைய மனைவி நூர்னிசாவும் அன்றாடம் போகிறாள். மகள்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் தண்ணீர் எடுக்க வேறு ஆள் இல்லை. கருத்தப்பாண்டி விழுந்த இடத்தில்தான் அவள் குடத்தை இறக்கி வைப்பாள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம், ஏணியின் நடுப்படியில் அவர் கால் தயங்கியது.

எண்ணெய் வாங்கப் போன இடத்தில் மேஸ்திரியிடம் வாயைத் திறந்தார்.

"மேஸ்திரி, கெணத்தடி வெளக்க அங்கேருந்து எடுத்துட்டா நல்லதுன்னு படுது."

"எடுத்துட்டாவா? இன்னும் ரெண்டு வேணும்னு தெருவே நிக்கி. நீரு இருக்கிறதையும் எடுங்கிறீரு."

"வெளக்குக்குப் பூச்சி வருது. பூச்சிக்குத் தேரை வருது. தேரைக்குப் பாம்பு வருது."

"பாம்புக்கு ராவுத்தர் வாராரு. அம்புட்டுத்தானே?" வைகுண்டராஜ் அளவுக் குவளையைக் கவிழ்த்துத் தட்டினார். "ஓய், வெளக்கு வச்சா பாம்பு ஓடும்னு பால்குடிக்குத் தெரியும்."

"நிலா நாளையில ஒருத்தரையும் கடிக்கலையே."

"நிலா வெளிச்சத்துல பாம்பு இருக்கிற எடம் தெரியுது, மனுசன் வெலகிப் போறான். இதுக்கு ஒரு ஆராய்ச்சியா? போம், போய் ஏணியப் புடியும்."

அல்லா பிச்சைக்குப் பதில் மூன்றாம் நாள், பதினெட்டாம் கம்பத்தின் உச்சியில் நிற்கும்போது வந்தது. நிலா நாளிலும் மேகம் மூடுவதுண்டு. அன்று விளக்கும் இல்லை, நிலாவும் இல்லை, தெருவெங்கும் மை இருட்டு. அப்போதும் கடி இல்லையே! ஆனால் அதற்குள் மேஸ்திரி வேறு ஊருக்கு எண்ணெய் அளக்கப் போயிருந்தார்.

இடையில் மைத்துனர் நைனா முகமது வீட்டுக் கலியாணத்துக்காக ராஜபாளையம் போக நேர்ந்தது. அங்கே அப்போது தெருவிளக்குக் கிடையாது. அமாவாசைக்கு முதல் நாள். பந்தலுக்குப் பின்னால் இருந்த கிணற்றுப் பக்கம் சும்மா போய் நின்றார். தேரைகள் இருந்தன, இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஒவ்வொன்றும் தன் இரைக்குத் தானே அலைந்துகொண்டிருந்தது. அவற்றை எண்ணிக்கொண்டு நின்றவரை நைனா முகமது வந்து சாப்பிட இழுத்துக்கொண்டு போனார்.

ஊர் திரும்பியதும் தம்மால் முடிந்த முதல் காரியத்தைச் செய்தார். தினமும் கிணற்றடி விளக்கை ஏற்றுவதற்கு முன் பழைய எண்ணெய் டின்னில் தேரைகளைப் பிடித்துப் போட்டுக் கண்மாயில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். குடத்தோடு வந்த அங்காளம்மாள் பார்த்துவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி, நூர்னிசாவுக்கு ஒட்டுப்போல் துணை, வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"என்ன ராவுத்தரே, கறி வெலை ஏறிப்போச்சா?"

"நீ ஒருத்தி."

"இல்ல, டின்னுல சத்தம் கேக்குதே, என்ன கொழம்புன்னு கேட்டேன். எங்க வீட்டுக்கும் கொஞ்சம் குடுத்தனுப்புங்க."

பத்து நாள் சுமந்தார். கவிழ்த்த தேரைகள் மூன்றாம் நாளுக்குள் சாக்கடை வழியே திரும்பி வந்தன. ஒற்றைக் கண் பழுதான ஒன்றை நான்கு முறை கொண்டுபோய் விட்டார். ஐந்தாம் முறை அது டின்னுக்குள் விழுந்ததும் அசையாமல் உட்கார்ந்துகொண்டது, வழி பழகிவிட்டதைப் போல. அன்றோடு டின்னை மூலையில் போட்டுவிட்டார்.

நூர்னிசாவிடம், "கொஞ்சம் வெள்ளெனப் போயித் தண்ணி எடுத்தா என்ன?" என்று கேட்டார்.

"வண்டிக போற வரைக்கும் ஊத்து எங்க இருக்கு? சேறுதான் வரும்."

"அப்ப, பாத்துப் போ."

"பாத்துத்தான் போறேன்" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.

அதற்குமேல் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. புரட்டாசி இரண்டாம் வாரத்தில், ஒரு நண்பகல், குழி தோண்டும் சீனிச்சாமியைக் கூட்டிக்கொண்டு போய்க் கிணற்றடிக் கம்பத்தைப் பிடுங்கினார். யாரையும் கேட்கவில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம், பழைய சரக்குக் கிட்டங்கியின் இடிந்த சுவரோரம், யாருக்கும் போக்குவரத்து இல்லாத இடத்தில், பன்னிரண்டு எட்டுத் தள்ளி அதை நட்டார். கிணற்றடிக்கு மங்கலான வெளிச்சம் வரும். பூச்சி விழுவது அங்கே விழும். தேரைகள் அங்கே கூடட்டும். பாம்பும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

மாலையில் வந்த பெண்களிடம் சொன்னார். "இனிமே வெளக்குப் பக்கம் ஆரும் போகாதிய. வெளக்கு அதுகளுக்கு, கெணறு நமக்கு."

"மஞ்ச தடவுன கம்பத்தைப் புடுங்குனீகளே, கை வெளங்குமா?" என்றாள் அங்காளம்மாள். ஆனால் மறுநாளும் அதற்கு மறுநாளும் கிணற்றைச் சுற்றிக் காலில் ஒரு தேரைகூடத் தட்டுப்படவில்லை. அந்தப் பக்கம், சுவரோரம், மண்ணே எழுந்து குதிப்பதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் இரவு அல்லா பிச்சை நெடுநாளைக்குப் பிறகு ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். வீட்டிலும் சொன்னார், விளக்கை விட்டு விலகியே நடக்க வேண்டுமென்று. நூர்னிசா சரி என்றாள். என்னவோ கேட்க வந்தவள்போல் நின்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான்காம் நாள் தேரடி விளக்கை ஏற்றி முடித்து, ஏணியோடு கீழச்சந்தை வழியாகத் திரும்பி வந்தார். பெண்கள் எல்லோரும் தண்ணீர் எடுத்துப் போய்விட்டிருந்தார்கள். தெருமுனை திரும்பியதும் ஒரு பெண் தனியாக வருவது தெரிந்தது. இடுப்பில் குடம், தோளில் கயிறு. நடையைப் பார்த்தே நூர்னிசா என்று தெரிந்துகொண்டார். அவள் கிணற்றை நோக்கி நடக்கவில்லை. சாக்கடைப் பாலக்கல்லைக் காலால் துழாவிக் கடந்து, தலையை நிமிர்த்தி, விளக்கையே பார்த்துக்கொண்டு நேராக அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். காலடியில் தேரைகள் சிதறின. அவள் குனிந்து பார்க்கவே இல்லை.

சுவரோரம் கிடந்த நிழல் நிழல் அல்ல என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்ல பாம்பு, வாயில் பாதி விழுங்கிய தேரை. அவளுக்கும் அதற்கும் நடுவே நான்கு எட்டுக்கூட இருக்காது.

"நூர்னிசா! நில்லு! காலைத் தூக்காதே!"

அவள் அப்படியே நின்றாள். ஆனால் ஓட எடுத்த வேகத்தில் அவர் தோளிலிருந்து ஏணி நழுவிக் கல்தரையில் விழுந்தது. அந்த அதிர்வில் பாம்பு இரையைக் கக்கிவிட்டுப் படம் எடுத்தது. இரை வாயில் இருந்தவரை அதனால் கடித்திருக்க முடியாது. தம் கையாலேயே அந்த வாயைக் காலி செய்துவிட்டோம் என்பது அல்லா பிச்சைக்கு உறைத்தது. அவரும் நின்றுவிட்டார். கூப்பிடு தூரத்தில் கணவன். நாலெட்டுத் தூரத்தில் பாம்பு. அவள் முகம் மட்டும் இரண்டில் எதையும் பாராமல் தீச்சுடரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னங்க? என்ன இருக்கு?" என்றாள் மெல்ல.

"ஒண்ணுமில்ல. சும்மா நில்லு."

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கக்கப்பட்ட தேரை புரண்டு எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு போயிற்று. பாம்பு படத்தைச் சுருக்கியது. தரையோடு தாழ்ந்து, சாக்கடைக் கல்லிடுக்கில் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டது. வால் நுனி மறைந்த பிறகே அவர் போய் அவள் கையைப் பிடித்தார். பிடித்ததும் பயமெல்லாம் கோபமாகிவிட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, வெளக்குப் பக்கம் போகாதேன்னு! கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"தெரியல" என்றாள்.

அவர் ஏசுவதை நிறுத்தினார்.

"பொழுது விழுந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருசமாச்சு. வெளக்குச் சுடரு மட்டும் மஞ்சப் பொட்டாட்டம் தெரியும். அது கெணத்தடியில இருந்துச்சு. அதைப் பாத்தே நடந்துருவேன். மிச்சத்துக்கு அங்காளம்மா கையைப் புடிச்சுக்கிருவா. இன்னைக்கு அவ மக வீட்டுக்குச் சுந்தரபாண்டியம் போயிட்டா. வருவா வருவான்னு பாத்தேன், வரல. பொட்டுக்கு எடதுபக்கம் பன்னெண்டு எட்டுன்னு கணக்கு வச்சுத்தான் வந்தேன். எங்கேயோ தப்பிப்போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்ல? பொழுது விழுற நேரத்துல நீங்க வீட்டுல இருந்தாத்தானே? ஊருக்கே வெளக்கு ஏத்துறவுக பொண்டாட்டிக்கு மாலைக்கண்ணுன்னா, இந்தத் தெரு சும்மா விடுமா?"

விளக்கு ஏற்றாத நிலா நாள்களிலாவது கவனித்திருக்கலாமே? அப்போது அவர் பள்ளிவாசலில் இருந்திருப்பார். தொழுகை முடிந்து வரும்போது அவள் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள், தலைவலி என்பாள். பாம்பு எந்த நாளில் வருகிறதென்று இரண்டு ஆண்டு உற்றுப் பார்த்தவர், இதைப் பார்க்கவில்லை. அவர் கயிற்றை வாங்கிக்கொண்டு, அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்.

மறுவாரம் வைகுண்டராஜ் வந்தார். கம்பம் இடம் மாறிய செய்தி அவருக்குப் பிந்தித்தான் எட்டியிருந்தது.

"யாரைக் கேட்டு ஓய் புடுங்குனீரு? நாளைக்குப் பழைய எடத்துல நட்டுரும்."

பழைய இடத்தில் நட்டால் நூர்னிசாவுக்கு வழி தெரியும். தெருப் பெண்கள் அத்தனை பேர் காலடியிலும் பாம்பு ஊரும். இங்கேயே விட்டால் அவர்களுக்கு ஆபத்தில்லை. அவளுக்குக் கிணறு இல்லை. ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்ததை அல்லா பிச்சை சொன்னார்.

"நட்டுக்கிடுங்க மேஸ்திரி. ஆனா ஏத்துறதுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

வைகுண்டராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தச் சம்பளத்துக்கு முப்பத்திரண்டு முறை ஏணி ஏற இன்னொருவன் கிடைக்க வேண்டும். "காண்டிராக்டு முடியுற வரைக்கும் கெடந்து தொலையட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூடுதலாகக் கேட்ட இரண்டு விளக்குகளைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. வேறு தெருவுக்குப் போயிருக்கலாம்.

அன்றுமுதல் அல்லா பிச்சையின் மாலை இன்னும் அரைமணி முன்னால் தொடங்கியது. கடைசி வண்டி நகர்ந்ததும் முதல் குடம் அவருடையது. பெண்கள் நிற்கிற கிணற்றில் ஆண்பிள்ளை குடம் வைப்பதைத் தெரு இதற்குமுன் கண்டதில்லை.

"ஒதுங்குங்கட்டி, புது மருமக வந்துட்டா" என்றாள் அங்காளம்மாள். சிரிப்பு அடங்கியதும் தானே கயிற்றை வாங்கி அவருடைய தோண்டியை இறைத்துக் கொடுத்தாள். தோளில் ஏணி சுமந்தவருக்கு இடுப்பில் குடம் உட்காரவில்லை. தலையில் வைத்தால் கழுத்து ஒடிந்தது. கடைசியில் இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்தார். சட்டை முழுவதும் நனைந்தது.

கசாப்புக்கடை அய்யூப், மாலைக்கண்ணுக்கு ஆட்டு ஈரல் நல்லது என்று வெள்ளிதோறும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார். நூர்னிசா அதைச் சுட்டுத் தின்றாள். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது, பொட்டு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது என்றாள். அவருக்காகச் சொன்னாளா, உண்மையாகவே தெரிந்ததா என்று அவர் துருவவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள். மழை வருவதற்குள் முடிக்க வேண்டுமென்று அவசரமாகக் குடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். நூர்னிசா இருட்டில் கையை நீட்டிக் குடத்தின் வாயைத் தடவினாள். விரலை உள்ளே விட்டு ஆழம் பார்த்தாள்.

"நாலு விரக்கடை கொறையுதே."

"வழியில சிந்திருச்சு."

"நீங்க கொண்டாந்தா எனக்குக் கெணத்துக்கு ரெண்டு நடை மிச்சம்னு வேற சொன்னீக."

"நாளைக்குச் சிந்தாமக் கொண்டாறேன்" என்றார் அல்லா பிச்சை. ஈரச் சட்டையை அவிழ்க்க நேரமில்லை. சுவரோரம் சாய்த்திருந்த ஏணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் விளக்கை ஏற்றக் கிளம்பினார்.